“பரவால்ல, கொஞ்சம் நீளம்”: 2025இல் பார்த்த படங்கள்

(தென்காசியில் தோழர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



2025ஆம் வருசம் பார்த்த படங்களை வரிசைப்படுத்திப் பேசணும் என்று கேட்டார்கள். “ஒண்ணு ரெண்டு மூணுன்னு போடுங்க, சண்டை வரட்டும், சண்டையில ஏதாவது வெளங்கும்” என்றார் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர். சரி என்று ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குப் போய்த் தாளில் எண் போட உட்கார்ந்தபோதுதான் கை ஓடவில்லை.

நான் வங்கியில் எழுத்தர். எண்தான் எனக்குப் பிழைப்பு. காலை பத்து மணிக்கு டோக்கன் எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தால் சாயங்காலம் கணக்கு நேராகிற வரைக்கும் எண்ணோடுதான் வாழ்க்கை. ஆனால் டோக்கன் வரிசை வேறு, தரவரிசை வேறு. டோக்கன் வரிசையில் முதலில் வந்தவர் முதலில் போவார். தரவரிசையில் எவன் எப்போது வந்தாலும் அவனுடைய இடம் அவன் பிறக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கும். இந்த நாட்டில் நெடுங்காலமாக அப்படித் தரவரிசை போடப்பட்டது மனுசனுக்குத்தான். அண்ணல் அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். கீழே இன்னொருத்தன் கிடக்கிறான் என்கிற திருப்தியில் மேலே இருக்கிறவனை எதிர்க்காமல் விடுகிற ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் கடைசிப் படியிலும் சேர்க்காமல், படிக்கட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். நாம் ஒன்றைத் தரவரிசைப்படுத்துகிறோம் என்றால் எந்த அளவுகோலை வைத்து என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

என் அளவுகோல் எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டுப் படங்களுக்கு வருகிறேன்.

மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ 2025 அக்டோபர் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு இரவுக் காட்சிக்கே நண்பர்களோடு போனேன். விசில் அடித்தேன். இரண்டு இடத்தில் அழுதேன். திங்கள்கிழமை தீபாவளி. விடுமுறை முடிந்து வங்கிக்குப் போனால் மதியம் சாப்பாட்டு அறையில் டிபன் பாக்சைத் திறக்கும்போது சக ஊழியர் ஒருவர் கேட்டார்: “என்ன சார், பைசன் பாத்தாச்சா? எப்படி இருக்கு?”

வெளியூர்க்காரருக்கு இது சாதாரணக் கேள்வி. நம்ம பக்கத்தில் இதற்கு வேறு அர்த்தம் உண்டு. எங்க அப்பா காலத்தில் இதையே வேறு மாதிரி கேட்டார்கள். எந்த ஊரு? அதுல எந்தத் தெரு? யாரு மகன்? கொடை எந்தக் கோயில்ல? நாலு கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். இப்போது படித்தவர்கள் கூடியிருக்கிற இடத்தில் அப்படிக் கேட்டால் அசிங்கம் என்று தெரிந்துபோயிற்று. அதனால் படத்தைக் கேட்கிறார்கள். ‘கர்ணன்’ பாத்தியா? ‘வாழை’ எப்படி? ‘பைசன்’ பிடிச்சிருக்கா? “ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றால் ஒரு பக்கம். “எப்பப் பாத்தாலும் இதே கதைதான்” என்றால் மறு பக்கம். ஒரே கேள்வியில் வேலை முடிந்தது.

நான் சொன்ன பதில்: “பரவால்ல சார். கொஞ்சம் நீளம்.”

அவர் சிரித்தார். “அதானே. எப்பவும் பழசையே கிளறிக்கிட்டு. இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்கா?” என்றார். நான் தலையாட்டினேன். தோழர்களே, மேடையில் கவிதை படிக்கிறபோது இந்த வாய்க்கு எவ்வளவோ சத்தம் உண்டு. அன்றைக்குத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டியது.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் பார்த்திருப்பீர்கள். மெயின் அருவியில் எல்லாரும் ஒரே தண்ணீரில்தான் நனைகிறோம். யார் தலைக்கு விழுந்த தண்ணீர் யார் தோளில் வழிகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. குளித்துவிட்டு வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பாருங்கள், வட்டம் தனித்தனியாகிவிடும். எங்கள் வங்கியில் வட்டம் ஒன்றுதான். அந்த ஒரே வட்டத்தில் உட்கார நான் கொடுக்கிற விலைதான் “பரவால்ல.”

ஆகவே என் அளவுகோல் இது. ஒரு படத்தைப் பற்றி மனதில் உள்ளதை அந்த மேசையில் சொன்னால் எனக்கு என்ன நட்டம் வரும்? நட்டமே வராத படம் வரிசையில் கீழே. நட்டம் கூடக் கூட மேலே. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எதிரிக்குப் பிடிக்காதது எல்லாம் நல்ல படம் ஆகிவிடாது. அதனால் இன்னொரு கேள்வியும் வைத்துக்கொண்டேன்: அந்தப் படம் நம்மைப் பற்றி நமக்கே உறைக்கிற மாதிரி ஏதாவது சொல்கிறதா? முதல் கேள்வி அந்த மேசைக்கு. இரண்டாவது கேள்வி இந்த அரங்குக்கு.

ஆறாவது இடத்திலிருந்து மேலே போகிறேன்.

ஆறாவது, ‘கூலி’. லோகேஷ் கனகராஜ் இயக்கியது. 2025 ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் வந்தது. ரஜினி படம். எங்கள் சாப்பாட்டு மேசையில் அதிகம் பேசப்பட்ட படம் இதுதான். மேலாளரிலிருந்து காவலர் வரைக்கும் எல்லாரும் கருத்துச் சொன்னார்கள். நானும் வாய் நிறையப் பேசினேன், ஒரு பயமும் இல்லாமல். அதிலேயே தெரியவில்லையா? துறைமுகம், சுமை, சங்கம் எல்லாம் படத்தில் உண்டு. பெயரே கூலி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கடத்தலும் துப்பாக்கியும்தான். ஒரு சுமைக்கு எவ்வளவு கூலி, அதை யார் தீர்மானிக்கிறான் என்பது நினைவில் நிற்கவில்லை. ரஜினியை நான் வெறுக்கிறவன் இல்லை. பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’வில் 2018இல் அதே ரஜினி நிலம் எங்கள் உரிமை என்று நின்றபோது கைதட்டினவன். நடிகர் ஒருவர்தான், யார் சொல்லி யாருக்காக நிற்கிறார் என்பதில் இருக்கிறது வேறுபாடு.

ஐந்தாவது, ‘பூலே’. இந்திப் படம். அனந்த் மகாதேவன் இயக்கியது. ஜோதிராவ், சாவித்திரிபாய் வாழ்க்கை. ஜோதிராவ் பிறந்தநாளான ஏப்ரல் 11ஆம் தேதி வரவேண்டிய படம். மகாராட்டிரத்தில் பார்ப்பனர் அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்பின. தணிக்கை வாரியம் மகர், மாங் என்கிற சாதிப் பெயர்களையும், பேஷ்வா ஆட்சியைக் குறிக்கிற சொல்லையும், மனுவின் சாதி அமைப்பு என்று வருவதையும் எடுக்கச் சொன்னது. மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்றிருந்ததைப் பல ஆண்டு என்று மாற்றச் சொன்னது. படம் ஏப்ரல் 25ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று.

ஒரு வங்கி எழுத்தராக இதை யோசித்துப் பார்க்கிறேன். என் சாதிப் பெயர் சான்றிதழில் இருக்கிறது. தாசில்தார் கையெழுத்தோடு, அரசு முத்திரையோடு இருக்கிறது. அதை நான் வேலைக்குச் சேரும்போது காட்டியே ஆகவேண்டும். அரசாங்கமே எழுதிக் கொடுக்கிற சொல், திரையில் ஒரு பாத்திரத்தின் வாயிலிருந்து வந்தால் மட்டும் அமைதி கெட்டுவிடுமாம். மூவாயிரம் என்கிற எண்ணை எடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? எங்கள் தொழிலில் இப்படிச் செய்தால் அதற்குப் பெயர் மோசடி.

இவ்வளவு சொல்லியும் ஏன் ஐந்தாவது இடம்? படம் பூலேக்களுக்கு மாலை போடுகிறது. பெண்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிற சாவித்திரிபாய் மேல் சாணியை எறிகிறார்கள், அவர் கலங்காமல் நடக்கிறார். வணங்கத்தக்க நடைதான். ஆனால் அந்தச் சாணி நாறவில்லை. சிலையைக் கழுவிய மாதிரி சுத்தமாக இருக்கிறது. நம்ம தலைவர்களைச் சிலையாக்கிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டுவது இந்த மாவட்டத்தில் நமக்கு நன்றாகப் பழகிய காட்சி. சினிமாவிலும் அந்தக் கூண்டு வேண்டாம்.

நான்காவது, ‘தடக் 2’. சாசியா இக்பால் இயக்கிய இந்திப் படம். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தது அல்லவா, அதன் மறு ஆக்கம். முந்தைய ‘தடக்’ அதே 2018இல் வந்தது. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான ‘சாய்ராட்’டை எடுத்து, அதிலிருந்த சாதியைக் கழுவிவிட்டுச் செய்த படம். அந்தப் பாவத்துக்கு இரண்டாவது படம் ஓரளவு பரிகாரம். இதிலும் தணிக்கை 16 இடங்களில் கைவைத்தது.

இந்தப் படம் வந்த தேதியை மறக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 1. அதற்கு ஐந்து நாள் முன்பு, சூலை 27 ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டையில் 27 வயதுத் தலித் இளைஞர், மென்பொருள் பொறியாளர், காதலித்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். நம்ம திருநெல்வேலியில் எடுத்த கதை, போபாலுக்குப் போய், இந்தி பேசி, நாடு முழுக்க வெளியாகிற வாரத்தில், கதை பிறந்த ஊரில் இரத்தம் இன்னும் காயவில்லை. மறுநாள் திங்கள்கிழமை சாப்பாட்டு மேசையில் என்ன பேசினார்கள் தெரியுமா? வெயிலைப் பற்றி. குற்றாலத்தில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதைப் பற்றி. படத்தைப் பற்றிக் கேட்கிற வாய், கொலையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

‘தடக் 2’இல் நம்ம மண் இல்லை. கருப்பி இல்லை. தண்டவாளத்தில் நாய் கிடந்த அந்தக் காட்சியின் கனம் இல்லை. பெண் வேடம் கட்டி ஆடுகிற அப்பா இருக்கிறார், ஆனால் தெருக்கூத்துக் கலைஞர் தங்கராசுவின் முகம் இல்லை. 2023இல் அவர் இறந்துபோனார். கதாநாயகனின் தோலைச் சாயம் பூசிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். தலித் என்றால் கறுப்பு என்று இன்னமும் ஒப்பனைப் பெட்டிக்குள்தான் நம்மைத் தேடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வரும். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் அந்தப் பெண் ஜோவுக்குக் கடைசி வரைக்கும் ஒன்றும் தெரியாது. தன் வீட்டார் அவனை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அவளைக் குற்றமற்றவளாகக் காப்பாற்றப் படம் அவளை அறியாதவளாக வைத்துவிட்டது. ‘தடக் 2’இன் விதி என்கிற பெண் கேட்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தன் வீட்டாரையே கேள்வி கேட்கிறாள். சாதியைக் காப்பதற்காக முதலில் பூட்டப்படுவது பெண் என்றால், அந்தப் பூட்டைப் பற்றி அவளும் பேசவேண்டும் அல்லவா? ஒரு பெண் இயக்குநர் எடுத்ததால் வந்த மாற்றம் என்று நினைக்கிறேன். இன்னொன்று, உதவித்தொகையை இழந்து உயிரை விடுகிற மாணவர் தலைவர் பாத்திரம். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 சனவரி 17இல் நாம் இழந்த ரோகித் வெமுலாவை நினைக்காமல் அதைப் பார்க்க முடியாது. மூலத்தில் இல்லாத இந்த இரண்டுக்காகவே நான்காவது இடம்.

மூன்றாவது, ‘பைசன்’.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். படம் நீளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்திலிருந்து போய் 1994 இரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தவர், அர்ச்சுனா விருது பெற்றவர் மணத்தி கணேசன். அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் எழுந்த கதை. துருவ் விக்ரம் கிட்டானாக ஓடுகிறார். பசுபதி அப்பாவாக வருகிறார். அந்த அப்பா மகனைக் கபடி ஆடாதே என்று தடுக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது வேடிக்கை. விளையாடாதே என்று சொல்கிற அப்பா உண்டா? நம்ம வீடுகளில் உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வருவதுதான் கபடி. தொட்டால் தீட்டு என்று சொன்ன ஊரில், தொடுவதையே ஆட்டமாக ஆடினால் சும்மா விடுவானா? அப்பாவின் பயத்துக்கு அதுதான் காரணம். பசுபதி அதை வசனத்தில் சொல்லவில்லை, முதுகில் சொல்கிறார். நான் அழுத இரண்டு இடமும் அவருடையதுதான். ஓடுகிற பேருந்துக்குள் ஒரு ஆட்டினால் தொடங்குகிற தகராறு எங்கே போய் முடிகிறது என்று காட்டுகிற காட்சி, தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் பேருந்தில் போன எவனுக்கும் வயிற்றைக் கலக்கும். 1995 கொடியங்குளத்துக்குப் பிறகு எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று எங்கள் வீட்டில் பாடம் நடத்தினார்கள். எனக்கு அப்போது சின்ன வயசு, ஆனாலும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

அப்படியென்றால் ஏன் முதலிடம் இல்லை?

தங்கம் வாங்கியதால் கிட்டான் தப்பினான். வாங்காதவன் என்ன செய்வான்? நம்மவர்களில் ஒருத்தன் மனிதன் என்று நிரூபிக்க ஆசிய அளவில் முதலாவதாக வரவேண்டியிருக்கிறது. அவர்கள் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் தோற்றாலும் மரியாதை உண்டு. திறமை, தகுதி என்று சொல்லித்தான் இடஒதுக்கீட்டை அடிக்கிறார்கள். நாமும் திறமையைக் காட்டித்தான் தப்பவேண்டும் என்றால் அவர்கள் போட்ட கோட்டுக்குள்தானே ஆடுகிறோம்? படம் இதை அறியாமல் இல்லை. ஆனாலும் கடைசியில் பதக்கத்தின் வெளிச்சம் மற்றதை மறைத்துவிடுகிறது. அடுத்து, அக்காவும் காதலியும். இருவரும் கிட்டான் ஓடுகிற பாதையில் தண்ணீர் கொடுக்க நிற்கிறவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். ஆதிக்க சாதித் தலைவராக வருகிறவர் திறமையை மதித்துத் தன் அணியில் கிட்டானைச் சேர்க்கிறார். அப்படி ஒரு நல்லவர் இருக்கலாம். ஒரு நல்லவரை நம்பி ஒரு சாதியே காத்திருக்க முடியுமா என்பது என் கேள்வி.

இந்த விமர்சனத்தை நான் வங்கியில் சொல்ல முடியாது. சொன்னால், “பாத்தீங்களா, இவரே சொல்லுதாரு” என்று அதை எடுத்து நம்மையே அடிப்பார்கள். சரி, நம்ம கூட்டத்தில் சொல்லலாம் என்று பார்த்தால், “நம்ம ஆளு ஒருத்தன் மேல வந்திருக்கான், அவனைப் போயி நீயே குறை சொல்லலாமா?” என்று கேட்கிறார்கள். அங்கே பாராட்ட முடியாது. இங்கே குறை சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டால் விமர்சனம் என்பது நமக்குள் எங்கே பிறக்கும்? படத்தைப் பார்த்துப் பத்திரிகையில் நட்சத்திரம் போடுகிற வேலையை மறுபடியும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். பாராட்டு வேண்டும் என்றால் குறை சொல்லவும் இடம் வேண்டும். அந்த இடம் இந்த அரங்கம்தான்.

இரண்டாவது, ‘வாழை’. 2024 ஆகஸ்டில் வந்த படம், இதை எப்படி 2025 கணக்கில் சேர்க்கலாம் என்று கேட்பீர்கள். அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தது 2025இல்தான். எங்க அம்மா முப்பது வருசத்துக்கு மேலாகப் பீடி சுற்றியவள். சுளகில் இலையும் தூளுமாக வாசலில் உட்கார்ந்தால் தலை நிமிராது. பீடிக்கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது சரியில்லை அது சரியில்லை என்று கழித்துவிட்டுத்தான் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில்தான் நான் பட்டதாரி ஆனேன்.

‘வாழை’யில் வாழைத்தார் சுமக்கிறவர்கள் தாருக்கு ஒரு ரூபாயை இரண்டு ரூபாயாகக் கூட்டிக் கேட்கிறார்கள். முதலாளி தரப்பு கூட்டிக் கொடுக்கிறது. கொடுத்த காசை மிச்சம் பிடிக்க, ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியிலேயே ஏறிப் போங்கள் என்கிறது. லாரி கவிழ்கிறது. 1999இல் நடந்த உண்மை விபத்தை வைத்து எடுத்த படம். அம்மா அழவில்லை. கடைசியில் பசியோடு வீட்டுக்குள் வந்து சோற்றில் கைவைக்கிற அந்தப் பையனைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் கேட்டாள்: “ஏல, ஒத்த ரூவா கூடக் கேட்டதுக்கா இம்புட்டுப் பேரையும் கொன்னுட்டாவ?”

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை. விபத்து என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். அம்மா கொலை என்றாள். கூலி உயர்வு ஒரு கையில் வந்து மறு கையில் உயிராகத் திரும்பப் போகிற கணக்கு, கழிவுபோகக் கூலி வாங்கினவளுக்கு உடனே புரிந்துவிட்டது. 1999 சூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் செத்ததையும் அவள் அன்றைக்கு ராத்திரி நினைத்துப் பேசினாள். அதுவும் கூலி கேட்டதற்குத்தான். இரண்டும் ஒரே வருசம்.

குறை ஒன்று உண்டு. அந்தப் பையன் டீச்சரைப் பார்க்கிற பார்வையில் செலவழித்த நேரத்தில் பாதியைத் தார் சுமக்கிற அக்காவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்திருக்கலாம். சுமை அவர்கள் தலையில். கனவு மட்டும் பையனுக்கு.

முதலாவது, ‘ஹோம்பவுண்ட்’. நீரஜ் கய்வான் இயக்கிய இந்திப் படம். 2025 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டு, செப்டம்பர் 26இல் இங்கே வெளியாகி, ஆஸ்காருக்கு இந்தியாவின் அதிகாரபூர்வப் படமாக அனுப்பப்பட்டது. பசாரத் பீர் 2020இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. நண்பர்கள் இரண்டு பேர். சோயப் முஸ்லிம், சந்தன் தலித். இருவருக்கும் போலீஸ் வேலை வேண்டும். போலீஸ் உடுப்பைப் போட்டால் அதற்குள் இருக்கிற பெயரை எவனும் பார்க்கமாட்டான் என்று நம்புகிறார்கள். வேலை வரவில்லை. சூரத் மில்லுக்குப் போகிறார்கள். 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்புகிற வழியில் ஒருத்தன் சாகிறான், ஒருத்தன் மடியில் வைத்திருக்கிறான்.

சந்தன் தன் முழுப்பெயரைச் சொல்லமாட்டான். சந்தன் குமார் என்று நிறுத்திக்கொள்வான், வால்மீகி என்பதை விழுங்கிவிடுவான். விண்ணப்பப் படிவத்தில் இடஒதுக்கீடு இருந்தும் பொதுப் பிரிவு என்று நிரப்புகிறான். இந்தக் காட்சியில் எனக்கு வியர்த்துவிட்டது தோழர்களே. நான் படிவத்தில் சரியாகத்தான் நிரப்பினேன். அட்டவணை சாதி என்று எழுதினேன், வேலை வாங்கினேன், அதில் எனக்குத் துளியும் வெட்கம் இல்லை. ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு தினமும் மதியம் ஒரு படிவம் வருகிறது. சாப்பாட்டு மேசையில். அதில் தினமும் பொதுப் பிரிவு என்று நிரப்பிக்கொண்டிருக்கிறேன். “பரவால்ல, கொஞ்சம் நீளம்” என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்?

சந்தனின் அம்மா பள்ளிக்கூடத்தில் சமைக்கப் போகிறாள். அவள் சமைத்ததை எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர்கள் வருகிறார்கள். வடநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே சத்துணவு சமைத்த தலித் பெண்ணுக்கு இதேதான் நடந்தது. அந்த அம்மாவின் வெடித்த குதிகாலைக் காமிரா காட்டும்போது பரிதாபம் வரவில்லை, கணக்கு வருகிறது. இந்தக் கால் எத்தனை மைல் நடந்து ஒரு மகனைப் படிக்க வைத்தது என்கிற கணக்கு. படிக்கிற வாய்ப்பு மகனுக்குத்தான் போயிற்று, மகளுக்குப் போகவில்லை என்பதையும் படம் ஒளிக்கவில்லை. என் அக்கா எட்டாவதோடு நின்று அம்மா பக்கத்தில் சுளகு எடுத்தவள். என் பட்டத்தில் பாதி அவளுடையது. இதை நான் எந்தக் கவிதையிலும் எழுதினதில்லை.

இந்தப் படத்துக்கும் குறை உண்டு. மறுபடியும் நம்மில் ஒருத்தன் செத்தால்தான் படம் முடிகிறது. செத்த பிறகுதான் நம்மை உலகம் எழுந்து நின்று கைதட்டிப் பார்க்கிறது. பெரிய நிறுவனத்தின் பணம், வெளிநாட்டு விழா என்று வரும்போது கோபத்தின் முனை கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கிறது. ஆனால் தலித்தும் முஸ்லிமும் ஒருத்தன் தோளில் ஒருத்தன் கைபோட்டு நடக்கிற இந்தக் காட்சியைப் பார்க்கும்போது நம்ம ஊர்க்காரனுக்கு ஒன்று நினைவு வரவேண்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் அந்த ஊர்த் தலித் குடும்பங்கள் பெருந்தொகையாக இசுலாத்துக்குப் போனார்கள். நாடே அதிர்ந்தது. எவ்வளவு பணம் வந்தது என்று விசாரித்தவர்கள், எவ்வளவு அவமானம் இருந்தது என்று விசாரிக்கவில்லை. அவர்கள் படிநிலையில் மேலே ஏறக் கேட்கவில்லை, படிக்கட்டை விட்டே இறங்கிப் போனார்கள். அந்த ஊரைப் பற்றித் தமிழில் ஒரு கதைப்படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. படம் எடுக்கப் படிக்கிற மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசைக்கு வெளியே ஒரு படம். ‘சந்தோஷ்’. சந்தியா சூரி இயக்கியது. ஒரு தலித் சிறுமியின் வன்கொலையை விசாரிக்கப் போகிற பெண் காவலரின் கதை. 2024 கான் விழாவில் காட்டப்பட்டது, பிரிட்டன் தன் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் இங்கே தணிக்கை வாரியம் தடுத்துவிட்டது. 2025 அக்டோபர் 17இல் இணையத்தில் வரும் என்றார்கள், அதுவும் வரவில்லை. ‘பைசன்’ வெளியான அதே நாள். நான் பார்க்கவில்லை. அதனால் எண் கொடுக்கவில்லை. இந்த இடத்தைக் காலியாக விடுகிறேன், காலியாக இருப்பது தெரியட்டும் என்றுதான்.

முடிக்கிறேன்.

வரிசை போட ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் எங்கள் கிளைக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தது. வயது இருபத்திமூணோ நாலோ. ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரம், பக்கத்துக் கவுண்டரிலிருந்து மெதுவாகக் கேட்டது: “சார், பைசன் பாத்தீங்களா சார்?” கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையில் வேவு இல்லை. அந்த இடத்தில் தனக்கு ஒரு ஆள் இருக்கா என்று தேடுகிற பார்வை. எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது: “பரவால்லம்மா. கொஞ்சம் நீளம்.”

அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக் கணினியைப் பார்த்தது. “ஆமா சார். கொஞ்சம் நீளந்தான்” என்றது.

தோழர்களே, நான் எனக்காக மட்டும் பொய் சொல்லவில்லை. அந்தத் தங்கச்சிக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டேன். ஒரே மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரே படத்துக்கு அழுதுவிட்டு வந்து, ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு தயிர்சாதம் தின்கிறோம்.

திங்கள்கிழமை வேலைநாள். மதியம் ஒன்றே முக்காலுக்குச் சாப்பாட்டு மேசை. அங்கே நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இந்தக் கூட்டத்தில் வீரம் பேசமாட்டேன். இரண்டு காரியம் மட்டும் செய்வேன். அந்தத் தங்கச்சியிடம் போய், படம் நீளம் இல்லம்மா, நான் ரெண்டு இடத்துல அழுதேன் என்று சொல்லுவேன். இன்னொன்று, இத்தனை வருசமாகக் கவிதையைப் புனைபெயரில் எழுதிவருகிறேன், பெரும்பாலும் வங்கிக்குப் பயந்துதான். இந்தப் பேச்சைப் பத்திரிகையில் போடுவதானால் என் சொந்தப் பெயரில் போடுங்கள்.

வரிசையைப் பற்றி இனி சண்டை போடலாம். ‘பைசன்’ மூன்றாவதா என்று கேட்க இரண்டு தோழர்கள் ஏற்கெனவே கை தூக்கிவிட்டார்கள். கேளுங்கள்.

வணக்கம். செய்பீம்.